காரணம் மறைந்த காரணப்பெயர்கள்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தமையை நம் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றனர். மரம் என்பது இடுகுறி. பறவை என்பது பறத்தலாகிய காரணம் பற்றி வந்தது. இவ்வளவில் பாடம் முடிந்துவிடுகின்றது. ஆயின், காரணப்பெயராய்ப் பிறந்து, பின்னர்த் தன் காரணத்தை இழந்து, இடுகுறிபோல வழங்கும் பெயர்களும் பலவுள. அவற்றுள் மிகப் பல நம் ஊர்ப்பெயர்களே. மாணாக்கன் ஒருவன், “ஐயா, நம்மூருக்குக் குளம் என்று பெயரிருக்கின்றதே, குளம் எங்கே?” என்று வினவுவானாயின், ஆசிரியர் யாது விடை கூறுவர்? அவ்விடையை ஒழுங்குபட ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேற் பரந்த தட்டை நிலம். இங்கே மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. இருந்தும் மலையென்றும் ஆறென்றும் காடென்றும் ஊர்ப்பெயர்கள் நிறைந்துள. கீரிமலையிற் சென்று மலையைத் தேடுவோர் கடலருகே சிறிது உயர்ந்த பாறை நிலத்தையும் நன்னீரூற்றையும் நகுலேசுவரப் பெருமான் ஆலயத்தையுமே காண்பர். தொண்டைமானாற்றில் ஆற்றைத் தேடுவோர், செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் அயலிலே, கடலோடு தொடர்புடைய நீரேரியின் வாயையே காண்பர். பெயர் ஒன்று கூற நிலம் வேறொன்று காட்டுகின்றது. இவ்வேறுபாடு எல்லாவிடத்தும் ஒரே காரணத்தால் நிகழ்ந்ததன்று. நான்கு வகையாகப் பிரித்து நோக்கின் உண்மை தெளிவாகும்.

நிலம் மாறியது

முதலாவது வகை, பெயர் அப்படியே நிற்க, நிலம் மாறியமையால் வந்த வேறுபாடு. குடிகள் பெருகக் காடு வெட்டப்பட்டது; குளம் தூர்ந்தது, அன்றித் தூர்க்கப்பட்டது; மரம் பட்டுப்போயிற்று. வேம்படி, ஆலடி, அரசடி, புளியடி என மரத்தடியாற் பெயர்பெற்ற இடங்கள் குடாநாட்டில் எண்ணிறந்தன. மரத்தின் வாழ்நாளிலும் பெயரின் வாழ்நாள் நீண்டதாகலின், மரம் போனபின்னும் அடி நிற்கின்றது. நகர்ப்புறத்துக் கொய்யாத்தோட்டத்திலே இன்று வீடுகளே செறிந்துள. கலட்டி என்பது கல் மிகுந்து பயிருக்கு உதவாத நிலத்தைக் குறிக்கும் யாழ்ப்பாணச் சொல். பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ள கலட்டியிலே இன்று நடப்போர், ஒரு காலத்தில் அது வறு நிலமாய்க் கிடந்ததென எண்ணவும் மாட்டார்.

இவ்வகை மாற்றம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. சைவராகிய நமக்கு இதற்குச் சிறந்த சான்று சிதம்பரம். தில்லை மரங்கள் செறிந்த வனமாதலின் அத்தலம் தில்லையெனப் பெயர்பெற்றது. இன்று தில்லை மரத்தைக் காண விரும்புவோர் கோயிலைச் சூழத் தேடிப் பயனில்லை. அயலிலுள்ள பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டிற்குச் செல்லல் வேண்டும். சென்னையிலே 1920-களில் மாம்பலத்துப் பேரேரியைத் தூர்த்துத் தியாகராயநகரம் அமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’, அஃதாவது ஏரியை நோக்கும் தெரு, இன்றும் அப்பெயரோடே உளது; நோக்குதற்கு ஏரிதான் இல்லை. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் தாய்நாட்டிலும் இவ்வாறே. ஆங்கு ஹார்லெமர்மேர் என்னும் பெரிய ஏரியின் நீரை 1852-இல் முற்றாக இறைத்து நிலமாக்கினர். அந்நிலத்திலே ஊர்களும் வயல்களும் ஸ்கிப்போல் விமான நிலையமும் எழுந்தன. பெயரின் இறுதியில் நிற்கும் மேர் என்னும் சொல்லோ ஏரி என்றே இன்றும் பொருள்படும்.

தொழில் மாறியது

இரண்டாவது வகை, நிலம் பெரிதும் மாறாதிருக்க, அந்நிலத்தில் மாந்தர் செய்த தொழில் மாறியமையால் வந்தது. ஆனையிறவு இதற்குத் தக்க சான்று. வன்னிக்காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளைப் பறங்கியர் காலத்தும் ஒல்லாந்தர் காலத்தும் ஆழங்குறைந்த அந்நீரேரியைக் கடத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொணர்ந்து, இந்திய வணிகர்க்கு விற்றனர். யானைகள் நீரில் இறங்கிக் கடந்த துறையாதலின் அப்பெயர் வந்தது. யானை வாணிகம் ஒழிந்தது. 1905-இல் இருப்புப்பாதை அவ்வழியே யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. பின்னர் உப்பளம் எழுந்தது. 1991-ஆம் ஆண்டிலும் 2000-ஆம் ஆண்டிலும் அவ்விடத்தே பெரும் போர்கள் நிகழ்ந்தமையால், இன்று அப்பெயரைக் கேட்போர்க்கு யானையன்று, போரே முதற்கண் நினைவுக்கு வருகின்றது. ஆகவே, பெயரின் பழங்காரணம் மறைய, புதிய நினைவொன்று அதன்மேல் ஏறி அமர்ந்துவிடுதலும் உண்டென அறிக.

பருத்தித்துறையும் அத்தகையதே. துறை இன்றும் உளது, பருத்தியைக் காணோம். வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்கா வரை சென்றது. அத்தகைய கப்பற்றொழில் இன்று இல்லையாயினும், துறை என்னும் ஈற்றுச்சொல் அதற்குச் சான்றாக நிற்கின்றது. காரணம் ஒருமுறை மறைந்தால் மீளாது என்று எண்ணற்க. போரினால் நெடுங்காலம் பயணிகள் கப்பலைக் காணாதிருந்த காங்கேசன்துறைக்கு 2023-ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்தது. பெயர் பொறுமையோடு காத்திருந்தது. தொழில் திரும்பி வந்தது.

சொல் மாறியது

மூன்றாவது வகையிலே நிலமும் தொழிலும் யாதாயினும் ஆக, பெயரிலுள்ள சொல்லின் பொருளை நாம் மறந்துவிட்டோம். கொக்குவில், கோண்டாவில், இணுவில், மந்துவில், மிருசுவில் என வரும் ஊர்ப்பெயர்களின் ஈற்றிலே நிற்கும் வில் என்பதைச் சிறுவர் அம்பெய்யும் வில்லென்றே கொள்வர். நீர் தேங்கிய நிலத்தை வில், வில்லு என்று வழங்கும் வழக்கு ஈழத்துத் தமிழில் உண்டு. சிங்களத்திலும் வில என்பது நீர்நிலையே. வில்பத்துக் காட்டிலுள்ள இயற்கைக் குளங்கள் வில்லு எனவே வழங்குகின்றன. இச்சொல் எம்மொழியிலிருந்து எம்மொழிக்குச் சென்றது என்னும் வாதம் ஒருபுறம் கிடக்க. எவ்வழி நோக்கினும் அது நீரைக் குறித்ததென்பதில் ஐயமில்லை. கோண்டாவிலில் இன்று நீர்நிலை கண்ணுக்குத் தோன்றாவிடினும், அவ்வூர்க் கிணறுகளிலிருந்தே யாழ்ப்பாண நகருக்குக் குழாய்நீர் எடுக்கப்படுகின்றது. மேலே மறைந்த நீர் கீழே உளது, பெயர் பொய்யாகவில்லை.

ஆறு என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. மலையிற் பிறந்து கடலிற் புகுவதே ஆறு எனப் பாடநூல் கூறுகின்றது. நம் முன்னோரோ நீர் செல்லும் வழி அனைத்தையும் ஆறு என்றனர். வழி என்னும் பொருளும் ஆறு என்னும் சொல்லுக்கு உண்டன்றோ? மாரியில் மாத்திரம் வலிகாமத்தூடே ஓடி அராலியருகே கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறும் ஆறே. உவர்நீர் பரந்த உப்பாறும் ஆறே. ஈண்டுப் பெயர் பிழைபட்டதன்று. பாடநூலின் வரைவிலக்கணத்தைக் கொண்டு முன்னோர் சொல்லை அளந்தமையே பிழை.

உப்பாற்றைப் பற்றி மற்றுமொன்று கூறல் வேண்டும். 1953-இல் தொண்டைமானாற்றிலே கடல்நீர் உட்புகாவண்ணம் தடுப்பணை அமைக்கப்பட்டது. 1954-இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம், கடனீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தை, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் கருத்தோடு முன்வைத்தார். அத்திட்டம் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெற்றிருப்பின் உப்பாறு நன்னீர் நிறைந்து, தன் பெயரைத் தானே பொய்யாக்கியிருக்கும். அத்தகைய பொய்யை மகிழ்ந்து வரவேற்றிருப்போம். ஆதலின், பெயரும் நிலமும் வேறுபட்டவிடமெல்லாம் இழப்பே நிகழ்ந்ததெனக் கொள்ளலாகாது.

பெயரே மாறியது

நான்காவது வகை, நாமே பெயரை மாற்றினமையால் வந்தது. நல்லூரையடுத்த கல்வியங்காடு முற்காலத்திற் கள்ளியங்காடு என வழங்கியதென்பர். கள்ளி என்பது வறண்ட நிலத்து முட்செடி. கள்ளி கல்வியாகிய பின்னர் அவ்வூர் முன்பு எவ்வாறு இருந்ததென்பதைப் பெயர் கூறமாட்டாது. காரைச்செடியாற் பெயர்பெற்ற காரைதீவு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பொன்னாலைக் கடல்வழிப் பாலத்தாற் பெருநிலத்தோடு இணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே காரைநகர் ஆயிற்று. கிழக்கிலங்கையிலும் காரைதீவு என ஓரூர் இருத்தலின், இம்மாற்றத்தால் மயக்கம் ஒழிந்ததென்பதும் உண்மையே. ஆயினும், நகர் என்னும் சொல்லைக் கேட்கும் சிறுவன், தன் ஊர் கடல் சூழ்ந்த தீவென்பதைப் பெயரால் அறிதற்கு வழியில்லை.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் ஒன்றே ஆங்கில வழக்கில் எஞ்சியது. ஏனையவற்றை மக்கள் நாவு ஏற்றிலது. நிலத்தோடு யாதும் தொடர்பில்லாத பெயரை அரசன் எழுதலாம். வழங்குவோர் குடிகளே என்பது இதனாற் பெறப்படும்.

பெயர்மாற்றம் எல்லாம் தீதென நாம் கூறவில்லை. ஒரு குலத்தாரை இழிவுபடுத்தும் கருத்தோடு வழங்கிய பெயரை அங்கு வாழ்வோர் விரும்பாராயின், அவர் விருப்பமே முதன்மையுடையது. பழமை பேணுதல் என்னும் பெயரால் ஒருவர் மனத்தைப் புண்படுத்தல் சைவத்துக்கு அடாது. அத்தகைய இடத்துப் பழைய பெயரை ஏட்டிற் குறித்துவைத்து, புதிய பெயரை நாவில் வழங்குக. நாம் கண்டிப்பது, குழி, தாழ்வு, பிட்டி, கலட்டி என்பன நாகரிகமற்ற சொற்கள் என்று நாணி, எல்லாவற்றையும் நகர் ஆக்கும் வழக்கத்தையே.

இதனால் வரும் கேடு யாதெனின், கூறுதும். குடாநாட்டு மக்கள் உண்ணும் நீரும் பயிருக்கு இறைக்கும் நீரும் மாரியிலே பெய்து சுண்ணக்கற் பாறையினூடே கீழிறங்கித் தங்கிய மழைநீரே. அந்நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. குளமும் தாழ்வும் குழியும் மழைநீரைத் தேக்கி மெல்ல நிலத்துட் செலுத்தும் வாயில்கள். அவை தூர்ந்தால் மாரியில் வெள்ளம்; கோடையிற் கிணற்றில் உவர். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா சூறாவளியோடு பெருமழை பெய்தபோது குடாநாடெங்கும் வெள்ளம் பரந்தமையை மறந்தாரல்லர். மழைநீர் பெயர்ப்பலகையைப் படித்து நிற்பதில்லை. பள்ளத்தை நோக்கியே செல்லும். குழி என்னும் பெயரை அழித்தார் குழியை அழித்தாரல்லர். அங்கே வீடு கட்டப் புகுவோர்க்கு இருந்த எச்சரிக்கையையே அழித்தார்.

பெயரும் நிலமும் பிரிந்த மற்றொரு நிலையும் உண்டு. 1990-ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகள் பலர், தம் ஊர்ப்பெயரைத் தாய்தந்தையர் வாயாற் கேட்டனரேயன்றி ஊரைக் கண்டிலர். போர் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட, திரும்பியோர் பலர் தம் வளவின் எல்லையை அடையாளங்காண இடர்ப்பட்டனர். வேலியும் மரமும் கிணறும் பழையபடி இல்லை. 1950-இல் தொழில் தொடங்கி 1990-இல் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல்லகழ்ந்த பள்ளங்கள் அயலிலே பெருகிக் கிடந்தன. இத்தகையோர்க்கு ஊர்ப்பெயர் வெறுஞ் சொல்லன்று. கையிலிருந்த காணியுறுதி போல்வது.

ஆராயும் முறை

இனி, ஊர்ப்பெயரைக் கொண்டு பழைய நிலத்தை அறியப் புகுவோர் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்ளல் வேண்டும். எல்லாப் பெயரும் நிலத்தோற்றத்தைக் கூறுவன அல்ல. மாவிட்டபுரம் என்பது மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் நீங்கிய வரலாற்றோடு தொடர்புபடுத்தி வழங்குகின்றது. அதனை மாமரத்தோடு இணைத்துப் பொருள் கூறுதல் முறையன்று. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியும் ஒரே பெயருடையன. குடியேறினோர் தம் பழைய ஊர்ப்பெயரைப் புதிய ஊருக்குச் சூட்டுதல் உலகவழக்காதலின், ஒத்த பெயருள்ள ஊர்களிற் பெயரை மாத்திரம் கொண்டு இங்கே நெல்வயல் இருந்ததெனத் துணிதல் கூடாது. சொல்லின் காரணம் கண்ட அளவிலே தோன்றிவிடாது என்னும் கருத்தைத் தொல்காப்பியரும் உணர்த்தியுள்ளார்.

ஆகவே மூன்று சான்றுகளை நாடுக. முதலாவது, சொற்சான்று: அப்பெயரிலுள்ள சொல் வேறு ஊர்ப்பெயர்களிலும் வேறு மாவட்டத்து வழக்கிலும் அதே பொருளில் வருகின்றதா? இரண்டாவது, நிலச்சான்று: மாரியில் நீர் எங்கே தேங்குகின்றது? மண் செம்மண்ணோ, மணலோ, களியோ? கிணற்றுநீர் நன்னீரோ, உவரோ? மூன்றாவது, எழுத்துச்சான்று: ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் காணியுறுதிகளிலும் பழைய வடிவம் உளதா? யாழ்ப்பாணத்துக் காணிகள் ஒவ்வொன்றுக்கும் உறுதியிலே பெயருண்டு. இத்தனை பரப்பு என்னும் அளவோடு, வளவு, தோட்டம், வயல், கலட்டி, தறை என முடியும் அப்பெயர்கள், ஊர்ப்பெயர் மறந்த செய்தியைப் பல வேளைகளிற் காத்து வைத்துள. மூன்றனுள் இரண்டேனும் ஒத்தவிடத்துத் துணிக. ஒன்றே நின்றவிடத்து, ‘இவ்வாறு கூறுவர்’ என்று மாத்திரம் குறிக்க.

ஆசிரியர் செய்யத்தக்கன

இப்பாடத்தை ஐந்தாம் வகுப்பு முதலாக எவ்வகுப்பிலும் நடத்தலாம். மாணாக்கர் தம் வீட்டைச் சூழ்ந்த ஒழுங்கை, சந்தி, குளம், கேணி, வயல் ஆகியவற்றின் பெயர்களை மூத்தோரிடங் கேட்டு எழுதி வருக. பேத்தியார், பாட்டனார் வாயில் வழங்கும் வடிவத்தை அவ்வாறே எழுதுக, திருத்தி எழுதற்க. பின்னர் நான்கு நிரலிட்டு, பெயர், சொற்பொருள், முன்னிருந்த நிலம், இன்றுள்ள நிலம் என நிரப்புக. நான்காம் நிரல் மூன்றாம் நிரலோடு மாறுபட்டவிடத்து, மேற்கூறிய நான்கு வகையுள் அஃது எவ்வகையைச் சார்ந்ததென மாணாக்கரே கூறுக. இதனால் இலக்கணமும் பூமிசாத்திரமும் சரித்திரமும் ஒருங்கே பயிலப்படும். மாரிகாலத்தில் ஒரு நாள் மாணாக்கரை ஊர்க்குளத்தருகே அழைத்துச் சென்று, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் காட்டுதல் பத்துப் பாடங்களுக்கு ஒப்பாகும்.

கோயில் திருக்குளத்தையும் தலவிருட்சத்தையும் நம் முன்னோர் பூசைக்குரியனவாக வைத்தமையின், ஊர்க்குளம் தூர்ந்தவிடத்தும் கோயிற்கேணி எஞ்சியது. காடு அழிந்தவிடத்தும் ஒரு மரம் எஞ்சியது. மதுரை கடம்பவனம் எனப் பெயர்பெற்றதற்குச் சான்றாக, அங்கயற்கண்ணி ஆலயத்தினுள்ளே பட்ட கடம்ப மரமொன்று இன்றும் பேணப்படுகின்றது. பெயரையும் பொருளையும் ஒருங்கு காக்கும் வழி இதுவென நம் ஆலயங்கள் காட்டி நிற்கின்றன. கோயிற்கேணியைத் துப்புரவாக்கும் தொண்டிலே மாணாக்கரைச் சேர்த்தல், அவ்வூர்ப்பெயருக்கு உரை எழுதுதலினும் சிறந்தது.

வடமராட்சி கிழக்கிலே மணற்காடு என ஓரூர் உளது. மணல் மேடிட்டுக் கிடந்தமையால், மரமில்லாத அந்நிலத்தையும் காடென்றனர் போலும். பிற்காலத்தில் மணலைத் தடுத்தற்குச் சவுக்கு நடப்பட்டு, அங்கே மரக்காடும் எழுந்தது. மணலோ கட்டடங்களுக்காக அள்ளப்பட்டு வருகின்றது. காடு மெய்யாக, மணல் குறைகின்றது. நாம் செய்வனவும் செய்யாது விடுவனவுமே நாளைய பெயரை மெய்யாக்கும் அன்றிப் பொய்யாக்கும் என்பதற்கு இவ்வூரொன்றே போதிய சான்றாகும்.

ஆதலின், “குளம் எங்கே?” என்று வினவும் மாணாக்கனை, வீண்கேள்வி கேட்கின்றான் என்று அடக்கற்க. குளம் இருந்த இடம் இது, அது தூர்ந்த காரணம் இது, எஞ்சியுள்ளது இது என்று காட்டுக. எஞ்சிய குளம் ஒன்றேனும் அவன் காலத்தில் தூராது காக்கப்படுமாயின், நம் பாடம் பயன்பட்டதாகும்.